மேற்கோள்குறிக்குள் ஒரு கோப்புப்பாதை

கணினியில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தக் கோப்பு எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது, அந்தக் கோப்புறை வேறெந்தக் கோப்புறைக்குள் அடங்குகிறது என்பதை வேரிலிருந்து நுனிவரை வரிசையாகச் சொல்லும் முழு முகவரியே கோப்புப்பாதை எனப்படுகிறது. ‘கல்யாண படங்கள்’ என்று ஒரு கோப்புறைக்குப் பெயர் வைப்பவருக்கு அது ஒரே பெயர்தான்; ஆனால் கட்டளை வரியை எழுத்தெழுத்தாகப் படித்துச் செல்லும் நிரலுக்கு அது ‘கல்யாண’ என்றும் ‘படங்கள்’ என்றும் இரண்டு பெயர். இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தைப் பெயரின் பகுதியாகக் கொள்வதா, பெயர் முடிந்ததன் அடையாளமாகக் கொள்வதா என்பதை அந்த நிரலுக்குச் சொல்வதற்காகவே மேற்கோள்குறி பயன்படுகிறது.

ஒரு மொழிக்குள் இன்னொரு மொழியை வைத்து எழுதும்போது இந்தச் சிக்கல் பன்மடங்காகிறது. ஸ்கிரிப்ட் மொழி என்பது, முன்கூட்டியே இயந்திரக் குறியீடாக மாற்றி வைக்கப்படாமல், எழுதிய உரையாகவே வாசிக்கப்பட்டு அப்போதைக்கப்போதே நிறைவேற்றப்படும் நிரல்மொழி; ஷெல், பைத்தான், பெர்ல், பிஎச்பி, ஆப்பிள்ஸ்கிரிப்ட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை கைவந்தது என்பதால், பைத்தானில் எழுதிக்கொண்டிருப்பவர் நடுவில் ஒரு ஷெல் கட்டளையைச் சரமாக, அதாவது எழுத்துகளின் தொடராகக் கட்டி ஷெல்லிடம் கொடுப்பது அன்றாட வழக்கம். அந்தச் சரத்தை முதலில் பைத்தான் தன் இலக்கணப்படி படிக்கிறது. அதில் எஞ்சுவதை ஷெல் தன் இலக்கணப்படி படிக்கிறது. ஷெல் அதை வேறொரு கணினிக்கு அனுப்பினால் அங்குள்ள ஷெல் மூன்றாம் முறையாகப் படிக்கிறது. ஒவ்வொரு வாசிப்பிலும் வெங்காயத்தோல் போல ஓர் அடுக்கு மேற்கோள்குறி உரிந்துபோகிறது. எனவே ஒரு பாதைக்கு எத்தனை மேற்கோள்குறி வேண்டும் என்பதற்கு விடை, அந்தப் பாதையை வழியில் எத்தனை பேர் படிக்கப்போகிறார்கள் என்பதிலேயே இருக்கிறது.

ஷெல் என்பது பயனர் தட்டச்சிடும் கட்டளையை வாங்கி, அதைப் பிரித்துப் பொருள் கொண்டு, உரிய நிரலை இயக்கும் இடைநிலை நிரலாகும். இன்றைய லினக்ஸ், மேக் கணினிகளில் உள்ள ஷெல்கள் பெரும்பாலும் ஸ்டீபன் போர்ன் எழுதி 1979-இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த போர்ன் ஷெல்லின் இலக்கணத்தையே பின்பற்றுகின்றன. அந்த இலக்கணத்தில் இடைவெளி, டேப், வரிமுடிவு மூன்றும் சொற்களைப் பிரிக்கும். அரைப்புள்ளி ஒரு கட்டளையை முடித்து அடுத்ததைத் தொடங்கும். டாலர்குறி ஒரு மாறியின் மதிப்பை, அதாவது பெயரிட்டு வைத்த தகவலை, அழைத்து வந்து அந்த இடத்தில் வைக்கும். நட்சத்திரக்குறி பொருந்துகிற கோப்புப்பெயர்களாக விரியும். இதற்கு நேர்மாறாக, கோப்புப்பெயரில் என்னென்ன இருக்கலாம் என்பதில் யுனிக்ஸ் மிகத் தாராளமானது: கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோடும், மதிப்பு பூஜ்யமான பைட்டும் தவிர வேறு எதுவும் பெயரில் வரலாம். இடைவெளி, அரைப்புள்ளி, டாலர்குறி, நட்சத்திரம், வரிமுடிவு ஆகிய அனைத்தும் முறையான கோப்புப்பெயருக்குள் அடங்கும். கோப்பு முறைமை அனுமதிப்பதற்கும் ஷெல் சாதாரண எழுத்தாகக் கொள்வதற்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் விபத்துகள் நிகழ்கின்றன.

நிகழ்ந்த விபத்துகள் சிறியவை அல்ல. 2001 நவம்பரில் மேக் கணினிகளுக்காக வெளிவந்த ஐட்யூன்ஸ் 2 மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்ட், பழைய பதிப்பை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும் நோக்கத்தோடு, வட்டின் பாதையை ஒரு மாறியில் வாங்கி அழிக்கும் கட்டளைக்குக் கொடுத்தது. ஆனால் அந்த மாறியைச் சுற்றி மேற்கோள்குறி இல்லை. நடந்ததை அருகில் வைத்துப் பார்க்கலாம். வாசகர் வசதிக்காக இங்கே அழிக்கும் கட்டளை ‘அழி’ என்றே காட்டப்படுகிறது. கணினியில் ‘வட்டு’ என்றும் ‘வட்டு 1’ என்றும் இரண்டு பகுதிகள் இருக்கின்றன என்று கொண்டால், ஸ்கிரிப்ட் உருவாக்கிய கட்டளை ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

அழி /தொகுதிகள்/வட்டு 1/செயலிகள்/ஐட்யூன்ஸ்

ஷெல் இதில் இரண்டு பாதைகளைக் காண்கிறது. ‘1/செயலிகள்/ஐட்யூன்ஸ்’ என்று ஒன்று எங்கும் இல்லை என்பதால் அதனால் கேடில்லை. ஆனால் முதற்பாதையான ‘/தொகுதிகள்/வட்டு’ உண்மையிலேயே இருக்கிறது, அது ஒரு வட்டுப் பகுதி முழுவதற்குமான பாதை, அழிக்கும் கட்டளையோ உள்ளிருப்பவை அனைத்தையும் கேள்வி கேட்காமல் அழிக்கும்படி ஏவப்பட்டிருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் அந்த நிறுவியை உடனே திரும்பப் பெற்றுத் திருத்திய பதிப்பை வெளியிட்டது என்றாலும், அதற்குள் சிலருடைய கோப்புகள் போய்விட்டன. 2011-இல் லினக்ஸ் மடிக்கணினிகளுக்கான பம்பிள்பீ என்ற மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில் இதே விபத்து வேறு வடிவில் வந்தது: ஒரு நீண்ட பாதையின் நடுவே கைதவறி ஓர் இடைவெளி விழுந்துவிட, துணைக்கோப்புறை ஒன்றை அழிக்க வேண்டிய கட்டளை, இயங்குதளத்தின் நிரல்கள் அனைத்தும் குடியிருக்கும் ‘யூஎஸ்ஆர்’ கோப்புறையை முழுவதுமாக அழித்தது. அந்தப் பாதை மேற்கோள்குறிக்குள் இருந்திருந்தால், தவறான இடைவெளி அப்படியொரு கோப்பு இல்லை என்ற முடிவோடு நின்றிருக்கும்.

ஷெல்லில் ஒரு பெயரைக் காப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒற்றை மேற்கோள்குறிக்குள் வைத்த எதுவும் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். அங்கே டாலர்குறிக்கும் நட்சத்திரத்துக்கும் பின்சாய்கோட்டுக்கும் எந்தச் சிறப்பும் இல்லை. இரட்டை மேற்கோள்குறி இடைவெளியைக் காக்கும், நட்சத்திரத்தைக் காக்கும். ஆனால் டாலர்குறிக்கு அது வழிவிடும். மாறியின் மதிப்பைக் கொண்டுவர வேண்டிய இடத்தில் இது நன்மையே. பெயரிலேயே டாலர்குறி இருந்தால் தீமை. ‘பில் $50’ என்ற கோப்புப்பெயரை இரட்டை மேற்கோள்குறிக்குள் நேரடியாக எழுதினால், ஷெல் ‘$5’ என்பதை ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கப்பட்ட ஐந்தாவது உருப்படி என்று கொண்டு, அப்படி எதுவும் இல்லாததால் வெறுமையை வைத்து, ‘பில் 0’ என்ற கோப்பைத் தேடப் போகும். மூன்றாவது வழி பின்சாய்கோடு: அது தனக்கு அடுத்து வரும் ஓர் எழுத்தின் சிறப்புப் பொருளை மட்டும் நீக்கி, அதைச் சாதாரண எழுத்தாக்கும்.

புதிதாகக் கற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையை இங்கே குறிப்பிட வேண்டும். பாதையை மாறியில் வைக்கும்போதே அதனோடு மேற்கோள்குறியையும் சேர்த்து வைத்துவிட்டால், பிறகு அந்த மாறியை வெறுமனே பயன்படுத்தலாம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஷெல் முதலில் தான் படிக்கும் வரியில் எழுதப்பட்டுள்ள மேற்கோள்குறிகளை மட்டுமே இலக்கணக் குறிகளாகக் கொள்கிறது. மாறியிலிருந்து வந்து விழும் மேற்கோள்குறி அதற்கு இன்னொரு சாதாரண எழுத்துதான். எனவே பெயர் வழக்கம்போல இரண்டாகப் பிளந்து, முன்பாதியின் தலையில் ஒரு மேற்கோள்குறியும் பின்பாதியின் வாலில் ஒரு மேற்கோள்குறியும் ஒட்டிக்கொண்டு, இல்லாத இரண்டு கோப்புகளைத் தேடும் நிலை வரும். காப்பு, மாறி பயன்படும் இடத்தில் இருக்க வேண்டும்.

இனி ஒரு மொழிக்குள் இன்னொன்று வரும் இடத்துக்கு வரலாம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆப்பிள்ஸ்கிரிப்ட். 1993-இல் வெளிவந்த அந்த மொழி, மேக் கணினியின் செயலிகளை ஏறக்குறைய ஆங்கில வாக்கியங்கள் போன்ற கட்டளைகளால் இயக்க உதவுவது. பிற்காலத்தில் மேக் யுனிக்ஸ் அடித்தளத்துக்கு மாறியபோது, ஒரு சரத்தை ஷெல்லிடம் கொடுத்து நிறைவேற்றும் கட்டளையும் அதில் சேர்ந்தது. பழைய மேக் மரபில் பாதையின் கோப்புறைகளைப் பிரிப்பது முக்காற்புள்ளி. யுனிக்ஸ் மரபில் சாய்கோடு. ஆகவே முக்காற்புள்ளிப் பாதையைச் சாய்கோட்டுப் பாதையாக மாற்றுவது முதல் வேலை. மாற்றியதோடு வேலை முடிவதில்லை. மேக் கணினியின் முதன்மை வட்டுக்குத் தொழிற்சாலையிலேயே இடப்படும் ‘மேகின்டாஷ் ஹெச்டி’ என்ற பெயரிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது.

பலரும் முதலில் செய்வது, பாதையின் இருபுறமும் கையாலேயே ஒற்றை மேற்கோள்குறி ஒட்டிவிடுவது. ‘கல்யாண படங்கள்’ வரை அது சரியாகவே நடக்கும். ‘பிரியா'ஸ் கல்யாணம்’ என்று பெயருக்குள்ளேயே ஒற்றை மேற்கோள்குறி உள்ள கோப்புறை வந்ததும் அது உடையும்:

'பிரியா'ஸ் கல்யாணம்'

இந்த வரியை ஷெல் படிக்கும் முறை இது. முதற்குறியில் மேற்கோள் திறக்கிறது. ‘பிரியா’ முடிந்ததும் வரும் குறியில் மூடிவிடுகிறது. ‘ஸ்’ காப்பின்றி நிற்கிறது. அடுத்த இடைவெளியில் சொல் பிளக்கிறது. ‘கல்யாணம்’ என்பதற்குப் பின் வரும் கடைசிக்குறி புதிதாக இன்னொரு மேற்கோளைத் திறந்துவிட்டு, மூடுவார் இல்லாமல் வரி முடிந்துவிடுகிறது. ஒற்றை மேற்கோளுக்குள் பின்சாய்கோட்டுக்கும் சிறப்பில்லை என்பதால், உள்ளே ஒரு பின்சாய்கோடு போட்டுத் தப்பவும் முடியாது. சரியான வடிவம் பார்ப்பதற்கு விசித்திரமானது:

'பிரியா'\''ஸ் கல்யாணம்'

இது ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மூன்று துண்டுகளின் தொகுப்பு. ‘பிரியா’ வரை ஒரு மேற்கோள், திறந்து மூடப்பட்டது. அதையடுத்து மேற்கோளுக்கு வெளியே, பின்சாய்கோட்டின் காப்பில், தன்னந்தனியாக ஓர் ஒற்றைக்குறி. பிறகு எஞ்சிய பகுதிக்குப் புதிய மேற்கோள். மூன்றுக்கும் நடுவே இடைவெளி இல்லாததால் ஷெல் அவற்றை ஒரே சொல்லாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆப்பிள்ஸ்கிரிப்டில் ஒரு சரத்தின் ‘மேற்கோளிட்ட வடிவம்’ என்று கேட்டால், அந்த மொழியே இந்த வேலையைச் செய்து தருகிறது. பிஎச்பியிலும் இதற்கென ஒரு செயற்கூறு உண்டு. பைத்தானில் 2012-இல் வெளிவந்த 3.3 பதிப்பிலிருந்து முறையான ஒன்று இருக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, கையால் மேற்கோள்குறி ஒட்டுவதற்கு நியாயமே இல்லை.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகள் கூடும்போது பின்சாய்கோடுகள் பெருகும் விதம் எவரையும் மலைக்க வைக்கும். இரட்டை மேற்கோளுக்குள் ஓர் இரட்டை மேற்கோள்குறியை வைக்க, அதன் முன் ஒரு பின்சாய்கோடு போதும். அந்த முழு வரியும் இன்னொரு மேற்கோளுக்குள் போனால், பின்சாய்கோட்டைக் காக்க ஒன்று, மேற்கோள்குறியைக் காக்க ஒன்று என்று சேர்ந்து மொத்தம் 3 ஆகும். மூன்றாம் அடுக்கில் 7, நான்காம் அடுக்கில் 15. பெர்ல் மொழியினர் இத்தகைய வரிகளைச் சாய்ந்த பல்குத்திக் குச்சிகளின் நோய் என்று அழைக்கிறார்கள். வரி முழுதும் குச்சிகளைச் சாய்த்து வைத்தது போலத் தெரிவதால் வந்த பெயர் அது. இந்தப் பெருக்கத்தின் வேர், மேற்கோள்குறி திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே வடிவில் இருப்பதில் உள்ளது. ஒரு குறியைக் கண்டதும் அது புதிதாகத் திறக்கிறதா, முன்னர் திறந்ததை மூடுகிறதா என்று சொல்ல வழியில்லை; அடைப்புக்குறிக்கோ திறப்பும் மூடலும் வெவ்வேறு வடிவங்கள் என்பதால், ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை வைத்தாலும் எண்ணிப் பொருத்திவிடலாம். டேவிட் கோர்ன் எழுதிய ஷெல்லில், ஒரு கட்டளையின் விடையை இன்னொரு கட்டளைக்குள் பொதிப்பதற்குப் பழைய தலைகீழ் மேற்கோள்குறிக்குப் (`) பதிலாக டாலரோடு கூடிய அடைப்புக்குறி வந்ததன் பயன் இதுவே. ஜான் ஔஸ்டர்ஹவுட் 1988-இல் பிற மென்பொருள்களுக்குள் பொதித்து வைப்பதற்கென்றே உருவாக்கிய டிசிஎல் மொழி, காப்புக்கு நெளிவு அடைப்புக்குறியைத் தேர்ந்தது. பொதிந்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட மொழிக்கு அதைவிடப் பொருத்தமான தேர்வு இல்லை.

விண்டோஸில் கதை வேறு. 1961-இல் பாப் பெமர் என்பவரின் முயற்சியால் ஆஸ்கி குறியீட்டுப் பட்டியலுக்குள் பின்சாய்கோடு வந்தது. அல்கால் மொழியின் தர்க்கக் குறிகளை இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்து எழுதுவதற்காக அது வேண்டப்பட்டது. பிறகு சி மொழி அதைச் சிறப்பு எழுத்துகளின் முன்னொட்டாக்கியது: பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கில ‘என்’ வந்தால் புதிய வரி, ‘டி’ வந்தால் டேப். 1983-இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 முதன்முறையாகக் கோப்புறைகளை அறிமுகம் செய்தபோது, சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பத்தேர்வுகளைக் குறிக்கப் பயன்பட்டு வந்ததால், பாதையைப் பிரிக்கும் வேலை பின்சாய்கோட்டுக்குப் போயிற்று. விளைவாக, சி மொழியின் வழிவந்த எந்த ஸ்கிரிப்ட் மொழியிலும் விண்டோஸ் பாதையை அப்படியே மேற்கோளுக்குள் எழுதினால், ஆங்கிலத்தில் ‘நியூ’ என்று பெயரிட்ட கோப்புறையின் முதலெழுத்து புதிய வரியாகவும், ‘டேபிள்’ என்பதன் முதலெழுத்து டேப்பாகவும் மாறிப் பாதையே காணாமற்போகும். பாதையின் இறுதியில் பின்சாய்கோடு வந்தால் இன்னொரு கேடு: "சி:\என் படங்கள்\" என்பதில் கடைசிப் பின்சாய்கோடு மூடும் மேற்கோள்குறியையே பெயரின் எழுத்தாக்கிவிடுவதால், அடுத்து வரும் உருப்படிகளும் அந்தப் பாதைக்குள் விழுந்துவிடும்.

இதைவிட ஆழமான வேறுபாடும் உண்டு. யுனிக்ஸில் ஒரு நிரலைத் தொடங்கும்போது அதற்கான உருப்படிகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பட்டியலாகவே இயங்குதளத்தின் வழியே செல்கின்றன. விண்டோஸிலோ முழுக் கட்டளையும் ஒரே நீண்ட சரமாகச் செல்ல, பெற்றுக்கொள்ளும் நிரல் தனக்குத் தெரிந்த விதியின்படி அதைப் பிரித்துக்கொள்கிறது. பெரும்பாலான நிரல்கள் ஒரே விதியைப் பின்பற்றினாலும், கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட்ச் கோப்புகளை இயக்கும் கட்டளை நிரலுக்குத் தனி விதி. 2024 ஏப்ரலில் இதன் முழு ஆபத்தும் வெளிப்பட்டது: ரஸ்ட் மொழியின் அடிப்படை நூலகம் விண்டோஸில் பேட்ச் கோப்புகளுக்கு உருப்படிகளை அனுப்பும்போது அவற்றைச் சரிவரக் காக்கவில்லை என்றும், வெளியார் கொடுக்கும் ஓர் உருப்படிக்குள் கட்டளையை ஒளித்து வைத்து நிறைவேற்றிவிட முடியும் என்றும் கண்டறியப்பட்டு, அந்தக் குறைக்குத் தீவிர அளவுகோலின் உச்சமான 10.0 மதிப்பு வழங்கப்பட்டது. வேறு பல மொழிகளிலும் அதே குறை இருந்தது. ரஸ்ட் குழுவினர் வெளியிட்ட திருத்தத்தில் ஒரு முடிவு பாராட்டத்தக்கது: பாதுகாப்பாக மேற்கோளிட முடியாத உருப்படி வந்தால், எப்படியோ சமாளிக்க முயலாமல், பிழை என்று மறுத்துவிடுவது. ஊகித்து ஓடும் கட்டளையைவிட நின்றுவிடும் கட்டளை எப்போதும் மேல்.

எழுத்துக் குறியாக்கமும் இந்தப் பிரச்சினையோடு பின்னிப் பிணைந்தது. ஆஸ்கியில் இடைவெளிக்கு 32, இரட்டை மேற்கோள்குறிக்கு 34, ஒற்றை மேற்கோள்குறிக்கு 39, பின்சாய்கோட்டுக்கு 92 என்ற எண்கள். ஜப்பானியர் பயன்படுத்திய ஷிப்ட்-ஜிஸ் குறியாக்கத்தில் சில எழுத்துகளின் இரண்டாவது பைட் அதே 92-ஆக அமைந்துவிட்டது. கட்டகானாவின் ‘ஸோ’ எழுத்து அவற்றுள் ஒன்று. குறியாக்கம் அறியாத நிரல், அந்த எழுத்தின் பின்பாதியைப் பின்சாய்கோடு என்று கொண்டு அடுத்த மேற்கோள்குறியை விழுங்கிவிடும். தமிழிலும் இதற்கு இணையான அனுபவம் உண்டு. யூனிகோடுக்கு முன் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அச்சகங்களில் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில், தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலும் நிறுத்தக்குறிகளின் இடத்திலும் அமர்த்தப்பட்டிருந்தன. அதில் புள்ளிக்கு உரிய இடம் அரைப்புள்ளி. ‘தமிழ்’ என்று பாமினியில் தட்டினால், கணினியில் பதிவது நான்கு ஆங்கில எழுத்துகளும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியும். அப்படிப் பதிந்த சொல்லை மேற்கோளின்றி ஷெல் கட்டளைக்குள் வைத்தால், மெய்யெழுத்தின் புள்ளி வரும் இடமெல்லாம் கட்டளை முறிந்து புதிய கட்டளை தொடங்கும்.

1992-இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 குறியாக்கம் இந்த அச்சத்தைத் தீர்த்துவைத்தது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளால் ஆனது. முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதும் 127-க்கு மேற்பட்டதே. ஆகவே எந்தத் தமிழ் எழுத்தின் எந்தப் பகுதியும் இடைவெளியாகவோ மேற்கோள்குறியாகவோ பின்சாய்கோடாகவோ தோற்றமளிக்க வழியில்லை. நீளத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்ட முடியாது. தமிழில் அது 85 குறியீடுகளோடு முடிந்துவிடும், ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே அவற்றில் 5-ஐ எடுத்துக்கொள்ளும். தமிழர் அனைவரும் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சொல்செயலிகளும் அரட்டைச் செயலிகளும் நேரான மேற்கோள்குறியைத் தாமாகவே வளைந்த மேற்கோள்குறியாக மாற்றிவிடுவது. அச்சில் அழகாகத் தெரியும் அந்த வளைந்த குறி ஷெல்லுக்கு இலக்கணக் குறியே அல்ல. அப்படி வந்த கட்டளையை நகலெடுத்து ஒட்டுபவர், காப்பு இருப்பதாக நம்பிக்கொண்டு காப்பே இல்லாத கட்டளையை இயக்குகிறார்.

இவ்வளவு விதிகளையும் மனப்பாடம் செய்வதைவிட, அவை தேவைப்படாத வழியைத் தேடுவதே அறிவுடைமை. அந்த வழி, பாதையைக் கட்டளை உரைக்குள் கலந்து எழுதாமல், உரைக்குப் பக்கத்தில் தனி உருப்படியாகக் கொடுப்பது. பைத்தானிலிருந்து வேறொரு நிரலை இயக்கும்போது, ஒரே சரத்தைக் கட்டுவதற்குப் பதில் நிரலின் பெயர், விருப்பத்தேர்வு, பாதை என்று தனித்தனியாக ஒரு பட்டியலில் கொடுத்தால், நடுவில் ஷெல்லே வருவதில்லை; ஷெல் வராவிட்டால் பிரிப்பதற்கும் விரிப்பதற்கும் ஆளில்லை; பெயரில் இடைவெளி இருந்தாலும் மேற்கோள்குறி இருந்தாலும் அது அப்படியே போய்ச் சேரும். ஷெல்லே வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், மாறாத கட்டளை உரையை ஒரு சரமாகவும், அதற்கு அடுத்து ஸ்கிரிப்டின் பெயராகக் கொள்ளப்படும் ஏதேனும் ஒரு சொல்லையும், அதன்பின் பாதையையும் கொடுத்து, உரைக்குள் ‘முதல் உருப்படி’ என்று பொருள்படும் "$1" என்பதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் போதும். தரவுத்தளத்துக்கு வினவல் எழுதுவோர், பயனர் தந்த பெயரை வினவலுக்குள் ஒட்டாமல் கேள்விக்குறியால் இடம் விட்டுப் பெயரைத் தனியே அனுப்புவதும் இதே முறைதான்.

பல பெயர்களை ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும்போது, வரிக்கு ஒன்றாக அனுப்பும் பழைய வழக்கம் பெயருக்குள் வரிமுடிவு வந்தால் சிதறும்; பெயருக்குள் ஒருபோதும் வர முடியாத பூஜ்ய பைட்டால் பிரித்து அனுப்பினால் சிதறாது. நெடுங்காலம் சில கணினிகளில் மட்டுமே இருந்த அந்த வசதியை, யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் தன் 2024 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. தொலைவிலுள்ள கணினிக்குக் கோப்பு அனுப்பும் ‘எஸ்சிபி’ கருவியில், அங்குள்ள ஷெல் பாதையை மீண்டும் ஒருமுறை படிக்கும் என்பதால் இரட்டிப்பு மேற்கோள் தேவைப்பட்டு வந்தது. 2022-இல் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 அந்தக் கருவியின் உட்புற நெறிமுறையை மாற்றி அந்தத் தேவையையே நீக்கியது. இங்கே வாசிப்பவரின் எண்ணிக்கையைக் குறைத்ததே தீர்வாக அமைந்தது.

மேற்கோள்குறியால் காக்க முடியாதவையும் உண்டு. சிறுகோட்டில் தொடங்கும் கோப்புப்பெயரை எத்தனை மேற்கோளுக்குள் வைத்தாலும், அதைப் பெறும் நிரல் ஒரு விருப்பத்தேர்வாகவே கொள்ளும். அதற்கு முன்னால் இரட்டைச் சிறுகோடு ஒன்றைத் தனியே வைத்து, இனி வருபவை பெயர்கள் என்று அறிவிக்க வேண்டும். 2015 ஜனவரியில், லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒரு பயனரின் கோப்புகளை அழித்தபோது, அந்த வரியில் மாறியைச் சுற்றி மேற்கோள்குறி முறையாகவே இருந்தது. மாறிதான் வெறுமையாக இருந்தது. பாதை வெறுமையானதும், அதன் பின்னால் ஒட்டியிருந்த சாய்கோடும் நட்சத்திரமும் சேர்ந்து கணினியின் வேர்க் கோப்புறையில் உள்ள அனைத்தையும் குறித்தன. அந்த வரிக்கு மேல் அதை எழுதியவரே ‘பயங்கரம்!’ என்று பொருள்படும் ஒரு குறிப்பையும் எழுதி வைத்திருந்தார். ஆபத்தை உணர்ந்தவர் அடுத்த வரியில் மாறி வெறுமையா என்று சோதித்திருக்கலாம். மாறி வெறுமையாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடும் எழுத்துமுறை போர்ன் ஷெல் இலக்கணத்திலேயே இருக்கிறது.

ஒரு மொழிக்குள் இன்னொரு மொழியை வைத்துப் புதிதாக ஸ்கிரிப்ட் எழுதி முடித்தவர்கள், அதை உண்மையான கோப்புகள்மேல் ஏவுமுன், வெற்றுக் கோப்புறை ஒன்றில் ‘பிரியா'ஸ் கல்யாணம் $50’ என்பது போல இடைவெளியும் ஒற்றை மேற்கோள்குறியும் டாலர்குறியும் தமிழ் எழுத்துகளும் கலந்த ஒரு பெயரில் கோப்பை உருவாக்கி, அழிக்கும் கட்டளை இருக்கும் இடத்தில் பெயரை உருப்படிக்கு ஒரு வரியாகத் திரையில் அச்சிடும் கட்டளையை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பெயர் ஒரே துண்டாக, ஓர் எழுத்தும் குறையாமல் திரைக்கு வந்த பிறகே அழிக்கும் கட்டளையை அதன் இடத்தில் வையுங்கள்.